ஏடும் கற்பனையும்: ஹிலரி மான்டெலின் வாழ்வும் பணியும்



1538ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இங்கிலாந்தில் ஓர் ஆணை பிறந்தது. ஒவ்வோர் ஊர்த் தேவாலயமும் ஓர் ஏடு வைத்துக்கொள்ள வேண்டும்; அவ்வூரில் நிகழும் ஒவ்வொரு ஞானஸ்நானமும், ஒவ்வொரு திருமணமும், ஒவ்வோர் அடக்கமும் வாரந்தோறும் அதில் எழுதப்பட வேண்டும் என்பதே அவ்வாணை. அதற்கு முன்னர்ப் பிரபுக்களின் பிறப்பும் இறப்புமே பெரும்பாலும் எழுத்தில் நின்றன. அன்று முதல் உழவன் மகனும், தச்சன் மகளும், பிறந்த மூன்றாம் நாளே இறந்த ஏழைக் குழந்தையும் ஏட்டில் இடம்பெற்றனர்.

ஆணையை விடுத்தவர் தாமஸ் குரோம்வெல். எட்டாம் ஹென்றி மன்னரின் முதன்மை அமைச்சர் அவர். பின்னாளில் முதலாம் சார்ல்ஸ் மன்னரை எதிர்த்துப் போரிட்ட ஆலிவர் குரோம்வெல் வேறொருவர். தாமஸின் உடன்பிறந்தாள் வழியில் தோன்றியவர். நாட்டார் அனைவரின் பிறப்பையும் எழுதிவைக்கச் சொன்ன தாமஸ் குரோம்வெல் பிறந்த நாள் எது? எந்த ஏட்டிலும் இல்லை. 1485ஐ ஒட்டிப் பிறந்திருக்கலாம் என்று ஊகிக்கிறார்களே அன்றி, நாளோ திங்களோ அறிந்தவர் இலர். ஊரார் பெயரையெல்லாம் ஏட்டில் ஏற்றியவரின் இளமை ஏட்டுக்கு வெளியே நின்றுவிட்டது.

ஏடு மௌனமாகும் இத்தகைய இடத்திற்கு வந்ததும் வரலாற்று ஆசிரியன் நின்றுவிடுகிறான். நிற்க வேண்டியது அவன் கடமை. நாவலாசிரியனோ அவ்விடத்திலிருந்துதான் நடக்கத் தொடங்குகிறான். அவன் அவ்வாறு நடப்பது முறையா? முறையெனின், எந்த நிபந்தனைக்கு உட்பட்டு நடக்கலாம்? இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் எண்ணிப் பார்த்து, எழுத்தாலேயே விடை கூற முயன்றவர் நம் காலத்து ஆங்கில நாவலாசிரியர்களுள் ஒருவராகிய ஹிலரி மான்டெல் அம்மையார். அவர்தம் வாழ்வையும் பணியையும் பற்றி இன்று உங்களோடு உரையாட விரும்புகிறேன்.

அம்மையார் 1952ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் இங்கிலாந்தின் டார்பிஷயர்ப் பகுதியில் உள்ள கிளாசாப் என்னும் ஊரில் பிறந்தார். வளர்ந்தது அதனை அடுத்த ஹாட்ஃபீல்டு என்னும் சிற்றூரில். அது பஞ்சாலைத் தொழிலாளர் வாழ்ந்த ஊர். அவருடைய முன்னோர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த கத்தோலிக்கர். பாட்டியார் ஆலையில் உழைத்தவர். தந்தையார் ஹென்றி தாம்சன் ஓர் எழுத்தர். ஹிலரி சிறுமியாக இருந்தபோதே வீட்டில் அமைதி குலைந்தது. ஜாக் மான்டெல் என்பவர் அக்குடும்பத்தில் வந்து சேர்ந்தார். ஊர் புறம் பேசிற்று. ஹிலரிக்குப் பதினொரு வயது இருக்கும்போது அன்னையார் பிள்ளைகளுடனும் ஜாக் மான்டெலுடனும் ரோமிலி என்னும் வேற்றூருக்குக் குடிபெயர்ந்தார். தந்தையார் உடன் வரவில்லை. பின்னர் ஹிலரி அவரைக் கண்ணால் காணவே இல்லை. பிள்ளைகளின் குடும்பப் பெயரும் மாறிற்று. ஒருவர் வாழ்ந்துகொண்டிருக்கும்போதே ஒரு குடும்பத்தின் ஏட்டிலிருந்து மறைந்துபோகக்கூடும் என்பதை அச்சிறுமி இளமையிலேயே அறிந்துகொண்டாள்.

1970இல் அவர் லண்டன் பொருளியற் கல்லூரியில் சட்டம் பயிலச் சேர்ந்தார். பின்னர் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்திற்கு மாறி, 1973இல் பட்டம் பெற்றார். வழக்கறிஞராக வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்குரிய மேற்பயிற்சிக்குப் பொருள் இல்லை; உடல்நலமும் இல்லை. இளவயதிலேயே நிலநூல் வல்லுநராகிய ஜெரால்டு மக்கியூவன் என்பவரை மணந்துகொண்டார். முதியோர் மருத்துவமனை ஒன்றில் சமூக நலப் பணி புரிந்தார். பின்பு மான்செஸ்டர் நகரில் ஒரு பெரிய கடையில் விற்பனைப் பணிப்பெண்ணாக இருந்தார். பகலெல்லாம் வேலை, மாலையில் நூலகம். பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றித் தாம் படிக்க விரும்பிய நாவல் ஒன்று எங்கும் கிடைக்காமையால், 1974இல் அதனைத் தாமே எழுதத் தொடங்கினார்.

இக்காலத்தில் அவரை வாட்டிய நோயைப் பற்றி நான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவருடைய எழுத்தின் வேர் அதிலும் இருக்கிறது. மாணவப் பருவத்திலிருந்தே அவருக்குப் பொறுத்தற்கரிய வயிற்றுவலியும் கால்வலியும் இருந்தன. மருத்துவரிடம் சென்றார். உடலில் நோய் இல்லை, உள்ளத்தில்தான் கோளாறு என்று மருத்துவர்கள் முடிவு கட்டினர். மனநோய்க்குரிய மருந்துகள் கொடுக்கப்பட்டன. அம்மருந்துகளே புதிய துன்பங்களை விளைவித்தன. இனி எழுதவே கூடாது என்றும் ஒரு மனநோய் மருத்துவர் அவருக்குக் கூறினார். நோயாளி தன் வலியைப் பற்றிக் கூறிய சொல்லை எவரும் சான்றாக ஏற்கவில்லை.

1977இல் கணவருக்கு ஆப்பிரிக்காவில் போட்ஸ்வானா நாட்டில் வேலை கிடைத்தது. அம்மையாரும் உடன் சென்றார். அங்கே ஒரு நாள் மருத்துவப் பாடநூல் ஒன்றைப் புரட்டிப் படிக்கையில், தம்முடைய வலியெல்லாம் வரிசையாக அதில் எழுதப்பட்டிருக்கக் கண்டார். கருப்பையின் உட்படலம் போன்ற திசு உடலின் வேறு இடங்களில் வளர்ந்து துன்புறுத்தும் எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோய் அது. 1979ஆம் ஆண்டின் இறுதியில் லண்டனில் மருத்துவர்கள் அதனை உறுதி செய்தனர். காலம் கடந்துவிட்டது. பெரிய அறுவை மருத்துவம் செய்ய நேர்ந்தது. இருபத்தேழாம் வயதிலேயே மகப்பேறு என்பது அவருக்கு இல்லையாயிற்று. அறுவைக்குப் பின்னும் நோய் முற்றிலும் விடவில்லை. அவ்வாண்டிலேயே, ஐந்தாண்டு பாடுபட்டு எழுதிய புரட்சி நாவலும் பதிப்பாளரால் மறுக்கப்பட்டுத் திரும்பி வந்தது.

மாணவர்களே, அந்நிலையில் இருந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். உடல் நலிந்தது, மகப்பேறு இல்லை, பெருநூல் பெட்டிக்குள் கிடக்கிறது. அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. பெரிய நூலை ஏற்பார் இல்லையெனில் சிறிய நூல் எழுதுவோம் என்று தற்கால வாழ்வைப் பொருளாகக் கொண்டு வேறொரு நாவல் தொடங்கினார். கணவர் பணி நிமித்தமாகச் சவூதி அரேபியாவின் ஜெட்டா நகரில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். 1985இல், தம் முப்பத்திரண்டாம் வயதில், 'எவ்ரி டே இஸ் மதர்ஸ் டே' என்னும் நாவல் முதன்முதலாக அச்சேறிற்று. ஜெட்டா வாழ்வைப் பற்றி எழுதிய கட்டுரைக்காக 1987இல் சிவா நைபால் நினைவுப் பரிசு கிடைத்தது. பெட்டிக்குள் கிடந்த புரட்சி நாவல், 'எ ப்ளேஸ் ஆஃப் கிரேட்டர் சேஃப்டி' என்னும் பெயருடன், 1992இல் வெளிவந்தது. தொடங்கியதற்கும் வெளிவந்ததற்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள்!

டான்டன், ரோபஸ்பியர், கமீல் டெமூலான் ஆகிய மூவரும் அந்நாவலின் தலைமக்கள். மூவரும் 1794ஆம் ஆண்டில் கொலைக்கருவிக்கு இரையானவர்கள். மூவருள் எவரும் முப்பத்தாறு வயதைத் தாண்டி வாழவில்லை. இந்நூலை எழுதத் தொடங்கியபோது அம்மையாரின் எண்ணம், எதையும் புனையக்கூடாது என்பதே. கிடைக்கும் சான்றுகளையெல்லாம் படித்துவிட்டால் கதை தானே உருவாகும் என்று நம்பினார். ஆண்டுக்கணக்கில் படிப்பதற்கு அவர் அஞ்சவில்லை. ஆனால், சான்று இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம் இருக்கும் என்பதை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. புரட்சித் தலைவர்கள் மன்றத்தில் பேசிய பேச்சு அச்சில் இருக்கிறது. அன்று காலை உண்ணும்போது மனைவியிடம் பேசிய பேச்சு எங்கே இருக்கிறது? அவ்வெற்றிடத்தில் மட்டும் கற்பனையைத் துணைக்கொள்ள வேண்டும் என்று அவர் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

இனி, அவருக்கு உலகப்புகழ் தேடித்தந்த குரோம்வெல் வரலாற்றுக்கு வருவோம்.

நான் கல்லூரியில் இங்கிலாந்து வரலாறு பயின்ற காலத்தில், தாமஸ் குரோம்வெல் என்றால் ஒரே வரியில் விடை எழுதுவோம்: மடங்களைத் தகர்த்தவர், மன்னரின் கொடுமைக்குக் கருவியானவர். தாமஸ் மோர் என்றால் அதற்கு நேர்மாறான வரி: மனச்சான்றுக்காக உயிர் நீத்த உத்தமர். ராபர்ட் போல்ட் என்பவர் எழுதி, 1960இல் மேடையேறி, 1966இல் திரைப்படமாகவும் வந்த 'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்' என்னும் நாடகம் எங்கள் எண்ணத்தை உறுதிப்படுத்திற்று. அதில் மோர் தலைவர், குரோம்வெல் வஞ்சகர். பின்னர் ஆசிரியனாகி, நானும் அதே வரிகளைத்தான் என் மாணவர்க்கு ஒப்புவித்தேன். ஒரு மனிதனின் ஐம்பத்தைந்து ஆண்டு வாழ்வை ஒரு வரியில் அடைத்துவிட்டோமே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

உண்மையில் அவ்வாழ்வு எத்தகையது? லண்டனை அடுத்த பட்னி என்னும் ஊரில் குரோம்வெல் பிறந்தார். தந்தை வால்ட்டர், மது காய்ச்சி விற்றவர். கொல்லுத் தொழிலும் செய்தவர் என்பர். பலமுறை ஊர் நீதிமன்றத்தில் தண்டம் கட்டியவர். மகன் இளமையிலேயே கடல்கடந்து ஓடினார். இத்தாலியிலும் ஆன்ட்வெர்ப் வணிகரிடையிலும் வாழ்ந்தார். பல மொழி கற்றார். ஊர் திரும்பிச் சட்டத்தொழில் செய்தார். கர்தினால் உல்சியிடம் பணிக்குச் சேர்ந்தார். இறைச்சி வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்து நாட்டின் முதலமைச்சராக உயர்ந்தவர் உல்சி. 1529இல் மன்னரின் சினத்துக்கு ஆளாகி உல்சி வீழ்ந்தபோது, அவரை அண்டி வாழ்ந்த பலர் அவரைக் கைவிட்டனர், குரோம்வெல் கைவிடவில்லை. அவர் மன்னரின் அவைக்குள் புகுந்தது அதன் பின்னரே. 1534இல் மன்னரின் முதன்மைச் செயலாளரானார். அவ்வாண்டுச் சட்டம் மன்னரை ஆங்கிலத் திருச்சபையின் தலைவராக்கிற்று. 1536 முதல் 1540 வரை மடங்கள் கலைக்கப்பட்டன. ஆங்கில மொழியிலுள்ள விவிலியம் ஒவ்வொரு கோயிலிலும் வைக்கப்பட வேண்டும் என்னும் ஆணையும் 1538இல் வந்தது. 1540 ஏப்ரலில் எசெக்ஸ் பிரபு என்னும் பட்டம் பெற்றார். ஜூன் 10இல் சிறைப்பட்டார். ஜூலை 28இல் தலை துண்டிக்கப்பட்டார். உயர்ந்த பட்டத்துக்கும் வெட்டுமரத்துக்கும் இடையே நூறு நாளே இருந்தது!

ஜெஃப்ரி எல்டன் என்னும் வரலாற்றறிஞர் 1953இல் வெளியிட்ட ஒரு நூலில், குரோம்வெல் வெறும் கொடியவர் அல்லர், அரசாங்கத்தையே புதுமுறையில் அமைத்த பெருமதியாளர் என்று நிறுவ முயன்றார். ஆயினும் எல்டன் காட்டியது அமைச்சரை, மனிதரை அன்று. மனிதரைக் காட்டுவதில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. குரோம்வெல் சிறைப்பட்டபோது அவருடைய தாள்கள் கைப்பற்றப்பட்டன. ஆகவே பிறர் அவருக்கு எழுதிய கடிதங்கள் ஏராளமாக உள்ளன. அவர் பிறர்க்கு எழுதியவற்றின் படிகளோ பெரும்பாலும் இல்லை. அவருடைய வீட்டாரே அவற்றை எரித்திருக்கக்கூடும் என்பது டயர்மெய்ட் மக்கலக் என்னும் வரலாற்றறிஞரின் கருத்து. ஒருவர் பேசுவதை மட்டும் கேட்டு, மற்றவர் கூறிய விடையை நாம் ஊகிக்க வேண்டிய நிலை அது.

இம்மனிதரைப் பற்றித்தான் மான்டெல் அம்மையார் மூன்று நாவல்கள் எழுதினார். 'உல்ஃப் ஹால்' 2009இல் வெளிவந்து அவ்வாண்டின் புக்கர் பரிசைப் பெற்றது. 'பிரிங் அப் தி பாடீஸ்' 2012இல் வெளிவந்து மீண்டும் அப்பரிசைப் பெற்றது. புக்கர் பரிசை இருமுறை பெற்ற முதற் பெண்மணியும், இருமுறை பெற்ற முதற் பிரிட்டானியரும் அவரே. 'தி மிரர் அண்ட் தி லைட்' என்னும் மூன்றாம் நூல் 2020இல் வந்தது. தந்தையின் உதை தாங்காமல் தரையில் விழுந்து கிடக்கும் பட்னிச் சிறுவனோடு முதல் நூல் தொடங்குகிறது. வெட்டுமரத்தில் மூன்றாம் நூல் முடிகிறது. கதை முழுதும் குரோம்வெல்லின் கண் வழியே, நிகழ்காலத்தில் நடக்கிறது. முடிவு நமக்குத் தெரியும், குரோம்வெல்லுக்குத் தெரியாது. நாளை என்ன நேரும் என்று அறியாமல் வாழ்ந்தவர்களே வரலாற்று மாந்தர் அனைவரும் என்பதை இவ்வுத்தி நமக்கு நினைவூட்டுகிறது.

அம்மையார் உழைத்த முறையை மாணவர்கள் அறிதல் நன்று. வரலாற்று மாந்தர் ஒவ்வொருவர்க்கும் ஒரு குறிப்பட்டை வைத்து, எந்த நாளில் யார் எந்த ஊரில் இருந்தார் என்று எழுதி, அகர வரிசைப்படி அடுக்கிவைத்திருந்தார். ஒரு பிரபு அன்று தம் நாட்டுப்புற மாளிகையில் இருந்தார் என்று சான்று கூறுமாயின், கதைக்குச் சுவை கூட்டுவதற்காக அவரை லண்டனுக்குக் கொண்டுவர மாட்டார். கலிபோர்னியாவில் ஹண்டிங்டன் நூலகத்தின் கையெழுத்துச் சுவடிப் பகுதியில் பணியாற்றியவரும், குரோம்வெல்லின் பணியாளரைப் பற்றி ஆராய்ந்தவருமாகிய மேரி ராபர்ட்சனோடு கடிதத் தொடர்பு கொண்டு ஐயங்களைத் தீர்த்துக்கொண்டார். 'உல்ஃப் ஹால்' நூலை அவருக்கே உரிமையாக்கினார்.

ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். 1529 ஜூலையில் குரோம்வெல் எழுதிவைத்த விருப்பமுறி இன்றும் உள்ளது. அதில் ஆன், கிரேஸ் என்னும் தம் இரு பெண்மக்களுக்கு இன்னின்னது சேர வேண்டும் என்று எழுதியிருந்தார். பின்னொரு காலத்தில் அவ்வரிகள் கோடிட்டு அடிக்கப்பட்டுள்ளன. குழந்தைகள் இறந்துவிட்டனர். அவ்வளவே ஏடு கூறுவது: இரண்டு பெயர், அவற்றின்மேல் ஒரு கோடு. கோடு இழுத்த கை நடுங்கிற்றா என்பதை எந்த ஆவணமும் சொல்லாது. நாவலில் சிறுமி கிரேஸ், கிறிஸ்துமஸ் விழாவில் வானதூதர் வேடம் பூணுகிறாள்; அவளுக்குத் தந்தை மயிற்பீலியால் சிறகு செய்து கொடுக்கிறார். குழந்தை இறந்த பின்னும் அந்தச் சிறகு வீட்டில் இருக்கிறது. சிறகு கற்பனை, கோடு உண்மை. கோட்டின் பொருளை நாம் உணரும்பொருட்டே சிறகு வருகிறது. அது எந்தச் சான்றையும் மறுக்கவில்லை. எந்த நாளையும் மாற்றவில்லை. கற்பனை தன் எல்லைக்குள் நின்று செய்யும் நற்பணி இதுவே எனலாம்.

ஆயின், கற்பனை எப்போதும் இவ்வாறு தீங்கற்றதாக இருப்பதில்லை. மற்றோர் எடுத்துக்காட்டைக் காணுங்கள். உல்சி இறந்த பின், 1531இல், அவர் நரகத்துக்கு இழுத்துச் செல்லப்படுவதாக ஒரு கேலிக்கூத்து அரசவையினர் முன் நடிக்கப்பட்டது. இது அக்காலத் தூதர் ஒருவரின் கடிதத்தால் தெரிகிறது. வேடம் பூண்டு நடித்தவர் யாவர் என்று தெரியவில்லை. 1536 மே மாதத்தில் ஆன் போலின் அரசியாரோடு குற்றம் சாட்டப்பட்டு ஐந்து ஆடவர் கொல்லப்பட்டனர். அவர்களுள் நால்வரே அன்று கூத்தாடியவர்கள் என்றும், தம் பழைய தலைவரை இகழ்ந்ததற்காகக் குரோம்வெல் அவர்களைப் பழிதீர்த்தார் என்றும் நாவல் அமைக்கிறது. கதை என்ற அளவில் இது நெஞ்சை உலுக்கும் அமைப்பு. வரலாறு என்று எவரேனும் தேர்வில் எழுதினால், நான் மதிப்பெண் தர மாட்டேன்!

தாமஸ் மோரைப் பற்றி நாவல் வரைந்த சித்திரத்தையும் வரலாற்று ஆசிரியர் சிலர் கடுமையாகக் கண்டித்தனர். மோர் தலைமை நீதியமைச்சராக இருந்த காலத்தில் மாற்றுக் கொள்கையினர் அறுவர் எரிக்கப்பட்டனர் என்பது மெய். ஆனால் தம் இல்லத்தில் அத்தகையோரைத் துன்புறுத்தினார் என்னும் பழியை அவர் தம் காலத்திலேயே எழுத்தில் மறுத்திருக்கிறார். நாவலில் அம்மறுப்புக்கு வலிமை இல்லை. ஒரு நாடகம் மோரை உயர்த்திக் குரோம்வெல்லைத் தாழ்த்திற்று. ஒரு நாவல் குரோம்வெல்லை உயர்த்தி மோரைத் தாழ்த்திற்று. தராசின் ஒரு தட்டு மேலே போனால் மற்றது கீழே வர வேண்டும் என்பது கதையின் நியதி போலும். வரலாற்றுக்கு அந்நியதி இல்லை. மாணவர் பலர் இந்நாவலையே வரலாறாகக் கொண்டு பேசத் தொடங்கிவிட்டனர் என்று வரலாற்றறிஞர் கவலைப்பட்டதிலும் நியாயம் உண்டு.

இக்குறைக்கு அம்மையார் என்ன விடை கூறினார்? தம் நூல் இறுதித் தீர்ப்பு என்று அவர் எங்கும் கூறியதில்லை. ஆன் போலினின் வீழ்ச்சியைப் பற்றிய சான்றுகள் சிக்கலானவை, சில வேளை ஒன்றோடொன்று முரண்படுபவை என்று இரண்டாம் நாவலின் இறுதிக் குறிப்பில் அவரே எழுதினார்; குரோம்வெல்லின் நிலையிலிருந்து பார்த்தால் இவ்வாறு தோன்றியிருக்கலாம் என்று வாசகர் முன் ஒரு கருத்தை வைப்பதே தம் பணி என்றும் விளக்கினார். 2017இல் பி.பி.சி. வானொலியின் ரீத் சொற்பொழிவுகளை நிகழ்த்த அவர் அழைக்கப்பட்டபோது, ஐந்து சொற்பொழிவுகளிலும் இதனையே விரித்துரைத்தார். முதற் சொற்பொழிவில், அயர்லாந்திலிருந்து வந்த தம் கொள்ளுப்பாட்டியாரைப் பற்றிப் பேசினார். எழுதப் படிக்க அறியாத அம்முதாட்டியாரைப் பற்றிப் பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்தது மிகச் சிறிதே. காலவெள்ளம் வடிந்தபின் சல்லடையில் தங்கியதைத்தான் நாம் வரலாறு என்கிறோம். வடிந்துபோனதும் வாழ்வுதான் என்னும் கருத்துப்பட அவர் பேசினார்.

தம் சொல்லை எவரும் நம்பாத நோயாளியாகப் பல ஆண்டு துன்புற்றவர் அவர் என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். மருத்துவக் குறிப்பேட்டில் அவரைப் பற்றி எழுதப்பட்டிருந்தவை பொய். எழுதப்படாமல் விடப்பட்டதே மெய். எழுதப்பட்டதெல்லாம் உண்மையாகிவிடாது, எழுதப்படாததெல்லாம் இல்லையாகிவிடாது என்பதை அவர் நூலில் மட்டும் கற்கவில்லை. தம் உடலாலும் கற்றார். ஆனால் அதனைக் காரணமாகக் காட்டி அவர் ஏட்டைத் தூக்கி எறியவில்லை. ஏட்டை வரிவரியாகப் படித்து, அது நிற்கும் இடம் வரை அதனோடு நடந்து, அதற்கு அப்பால் மட்டுமே தனியே நடந்தார். சில இடங்களில் வேண்டிய அளவுக்கு மேலும் நடந்தார் என்பதை நாம் கண்டோம். பெரியோரிடத்தும் பிழை காணலாம். பிழை கண்டதனால் அவர் பெருமை குறையாது.

2014இல் அரசு அவருக்கு டேம் என்னும் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. நாவல்கள் நாடகமாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தன. டெவன் பகுதியின் கடற்கரை ஊரொன்றில் கணவருடன் வாழ்ந்த அம்மையார், 2022 செப்டம்பர் 22ஆம் நாள் எக்ஸெட்டர் நகரில், எழுபதாம் வயதில் காலமானார்.

அவருடைய நாவல்களை உங்களுள் பலர் பின்னாளில் படிப்பீர்கள். வரலாறு பற்றிய எந்த நாவலையும் படிக்கும்போது, அருகில் ஒரு வரலாற்று நூலையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிகழ்ச்சி உங்கள் உள்ளத்தை உருக்குமாயின், 'இதில் கோடு எது, சிறகு எது?' என்று கேளுங்கள். கேட்டபின் சிறகைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கோடு என்று தவறாக எண்ணியும் விடாதீர்கள். உங்கள் பாடநூலின் ஒற்றை வரிகளையும் அவ்வாறே ஐயுற்றுப் பாருங்கள்.

நியூயார்க் நகரில் ஃப்ரிக் கலைக்கூடம் என்று ஒன்று உண்டு. அங்கே ஒரு கணப்பு அடுப்பின் இருபுறமும் ஹோல்பைன் என்னும் ஓவியர் தீட்டிய இரண்டு உருவப்படங்கள் உள்ளன. ஒன்று தாமஸ் மோர். மற்றொன்று தாமஸ் குரோம்வெல். உயிரோடு இருந்தபோது ஒரே மன்னருக்குப் பணிபுரிந்து, அதே மன்னரின் ஆணையால் தலையிழந்த அவ்விருவரும் இன்று ஒருவரையொருவர் நோக்கி அமர்ந்திருக்கின்றனர். அம்மையார் பிறந்த ஜூலை 6ஆம் நாள்தான் 1535இல் மோர் இறந்த நாள் என்பதும் எண்ணத்தக்கது. அவ்விரு படங்களுள் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, நான் பல ஆண்டுகள் பாடம் நடத்தினேன். என்னைத் திரும்பிப் பார்க்கச் செய்தவர் ஒரு நாவலாசிரியர். நீங்களாவது மாணவப் பருவத்திலேயே இரண்டையும் பாருங்கள்.